சக்கரத்தில் தொடங்கிப் பனிமுடியில் நிறைந்த வாழ்வு
ஃபானி புல்லொக் வேர்க்மன் அம்மையார் (1859–1925)

இறம்பொடையின் வளைவுகளில் இன்றும் சில நாட்களில் அக்காட்சியைக் காணலாம். வெளிநாட்டார் இருவர், பெரும்பாலும் கணவனும் மனைவியுமாக, துவிச்சக்கர வண்டிகளிற் கூடாரத்தையும் சமையற் சாமான்களையும் கட்டிக்கொண்டு, வியர்வை வழிய மேட்டில் ஏறி வருவர். வீதியோரத்தில் கொழுந்துடன் நிற்கும் பெண்கள் சிறிது நேரம் கை ஓய்ந்து அவர்களைப் பார்ப்பர். பாடசாலைப் பிள்ளைகள் கையசைப்பர். வண்டி வளைவைக் கடந்து மறைந்தபின், காரில் ஏறிச் செல்ல வசதியிருந்தும் இவர்கள் ஏன் உடம்பை இப்படி வருத்திக்கொள்ளுகிறார்கள் என்ற வியப்பு மட்டும் அங்கே எஞ்சி நிற்கும்.

அவ்வியப்புக்குப் பொதுவான விடை கூறுதல் அரிது. ஆயினும், ஒருவருடைய வாழ்க்கையைக் கொண்டு அதற்கு விடை காண முயலலாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தன் கணவருடன் துவிச்சக்கர வண்டியில் இலங்கையைச் சுற்றி, பின்னர் இந்தியாவின் தென்கோடியிலிருந்து இமயத்தின் அடிவாரம் வரை அவ்வண்டியிலேயே சென்ற ஓர் அமெரிக்கப் பெண்மணியின் வாழ்க்கை அது. உலகம் அவரை மலையேறியாகவே நினைவில் வைத்திருக்கிறது. அவரை மலைக்கு அழைத்துச் சென்றது சக்கரம் என்பதையும், சக்கரத்தில் ஏற்றி வைத்தது ஒரு பெருந்துயரம் என்பதையும் அறிந்தோர் சிலரே.

செல்வ மனையிற் பிறந்த பெண்

ஃபானி புல்லொக் 1859ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் ஐக்கிய அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்ரர் நகரிற் பிறந்தார். தந்தையார் அலெக்சாண்டர் புல்லொக் அம்மாநிலத்தின் ஆளுநராக 1866 முதல் 1869 வரை இருந்தவர். தாயார் வழியிலும் பெருஞ்செல்வம் இருந்தது. மூன்று பிள்ளைகளுள் இளையவரான ஃபானி, வீட்டிலேயே ஆசிரியைமாரிடம் கற்றார். பின்னர் நியூயோர்க்கில் ஒரு பாடசாலையிலும், அதன்பின் பாரிஸ், டிரெஸ்டன் ஆகிய ஐரோப்பிய நகரங்களிலும் பயின்று, 1879இல் ஊர் திரும்பினார். பிரெஞ்சும் ஜெர்மனும் அவருக்குத் தாய்மொழி போலப் பழகின.

அக்காலத்தில் அவருடைய வகுப்பைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு வகுக்கப்பட்டிருந்த பாதை நேரானது. விருந்துகளிற் கலந்துகொள்ளல், தக்க இடத்தில் மணம் முடித்தல், மாளிகையை நிருவகித்தல் என்பனவே அப்பாதையின் மைல்கற்கள். இளமையில் அவர் எழுதிய கதைகளுள் ஒன்றோ வேறு பாதை காட்டுகிறது. உயர்குடி ஆங்கிலப் பெண்ணொருத்தி வீட்டைத் துறந்து சுவிற்சர்லாந்தின் மலையூர் ஒன்றுக்கு ஓடிச்சென்று, மலையேறக் கற்று, ஓர் அமெரிக்கனை மணந்துகொள்ளுகிறாள் என்பது அக்கதை. பிற்கால வாழ்க்கை முழுவதையும் அவர் முன்னரே எழுதிப் பார்த்தார் போலும்.

பின்னர் அவர் வில்லியம் ஹண்டர் வேர்க்மனை மணந்தார். யேல், ஹார்வார்ட் ஆகிய பெரும் பல்கலைக்கழகங்களிற் பயின்ற வைத்தியர் அவர். மனைவியினும் 12 வயது மூத்தவர். நியூஹம்ஷயரின் வெண்மலைகளுக்கு இளம் மனைவியை அழைத்துச் சென்று மலையேறும் இன்பத்தை அறிமுகஞ்செய்தவர் அவரே. ஐரோப்பாவிலே பெண்கள் மலையேறுவதைப் பலர் முகஞ்சுளித்துப் பார்த்த அந்நாளில், அமெரிக்காவின் அம்மலைகளில் ஆணும் பெண்ணும் ஒருங்கே ஏறுவது இயல்பாயிருந்தது. தன்னாலும் இயலும் என்ற உறுதி ஃபானியின் உள்ளத்தில் வேரூன்றியது அங்கேதான். 1884இல் அவர்களுக்கு ரேச்சல் என்ற மகள் பிறந்தாள்.

இரு திருப்பங்கள்

வூஸ்ரர் நகரின் அடங்கிய வாழ்வு ஃபானிக்கு ஒத்துவரவில்லை. தந்தையார் விட்டுச்சென்ற சொத்தும் கணவர் வழிச் சொத்தும் சேர்ந்து பொருட்கவலை இல்லாமற் செய்திருந்தன. அந்நிலையில் டாக்டர் வேர்க்மனின் உடல்நலங் குன்றியது. அவர் வைத்தியத் தொழிலிலிருந்து விலகினார். 1889இல் குடும்பம் ஐரோப்பாவுக்குக் குடிபெயர்ந்து டிரெஸ்டன் நகரில் அமர்ந்தது. அங்கே சென்றபின் கணவர் வெகு விரைவிலேயே தேறிவிட்டார். நோய் தந்த ஓய்வு, நோய் நீங்கிய பின்னும் நீடித்தது. இருவருக்கும் வாழ்வு புதிதாய்த் தொடங்கியது போலாயிற்று. ஸீக்ஃபிரீட் என்ற ஆண்குழந்தையும் பிறந்தது.

1893இல் அக்குழந்தை கடுஞ்சுரத்தாலும் நிமோனியாவாலும் இறந்தது. நான்கு வயதளவேயான மகனை அந்நிய நாட்டில் இழந்த தாயின் துயரை அளவிடுவது எவ்வாறு? அக்காலப் பெண்டிர் பலரைப்போல் கருப்புடை தரித்துத் திரையிட்ட அறையில் முடங்கியிருந்தால் உலகம் அவரைப் பாராட்டியிருக்கும். அவர் முடங்கவில்லை. வீதிக்கு வந்தார். கணவரும் உடன் வந்தார். அவ்வாண்டுக்குப் பின் அவ்விருவரும் நிலையான இல்லமென ஒன்றைப் பெரிதும் நாடவில்லை. வண்டியும் வழியும் கூடாரமுமே அவர்களுக்கு இல்லமாயின. துயரத்தை மறக்க ஓடினாரா, துயரத்தைத் தாங்கும் வலிமை தேடி ஓடினாரா என்பது அவரவர் உள்ளம் உரைக்கவேண்டிய விடை.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். எஞ்சியிருந்த மகள் ரேச்சல், தாய் தந்தையருடன் வழி செல்லவில்லை. தாதியரிடமும் பாடசாலை விடுதிகளிலுமே அவள் வளர்ந்தாள். ஒரு குழந்தையைக் காலன் பிரித்தான். மற்றக் குழந்தையைப் பயணம் பிரித்தது. பெண் விடுதலையைப் போற்றுவோரும் இதனைக் கண்டு சற்றுத் தயங்குவர். ஆயினும் இதே செயலைச் செய்த ஆண் ஆய்வாளர் எவரையும் உலகம் இக்கேள்வி கேட்டதில்லை என்பதையும் அவர்கள் மறத்தலாகாது.

இரும்புக் குதிரை

துவிச்சக்கர வண்டி அன்று புதுமைப் பொருள். இரு சக்கரங்களும் ஒரே அளவினவாய், சங்கிலியால் இயங்கும் ரோவர் வண்டியை ஸ்ராலி என்பார் இங்கிலாந்தில் அமைத்தது 1885இல். காற்றடைத்த றப்பர் ரயரை டன்லொப் ஆக்கியது 1888இல். அவ்விரண்டும் சேர்ந்தபின்னரே பெண்கள் அச்சமின்றி ஏறிச்செல்லத்தக்க வண்டி உலகுக்குக் கிடைத்தது. குதிரை வண்டிக்குச் சாரதி வேண்டும். புகைவண்டிக்குக் கால அட்டவணை வேண்டும். இவ்வண்டிக்கு வேண்டியது தன் காலின் வலிமை ஒன்றே. ஆணின் துணையின்றி ஒரு பெண் வீட்டு வாயிலைக் கடந்து பல மைல் சென்று திரும்ப முதன்முதலில் வழி திறந்தது இவ்வெளிய பொறிதான்.

வேர்க்மன் தம்பதியர் ரோவர் வண்டிகளையே தெரிந்தெடுத்தனர். முதலில் சுவிற்சர்லாந்து, பிரான்ஸ், இத்தாலி ஆகிய நாடுகளில் உருட்டிப் பழகினர். பின்னர் மத்தியதரைக் கடலைக் கடந்து அல்ஜீரியாவின் அட்லஸ் மலைகளைத் தாண்டிச் சஹாராவின் ஓரம்வரை சென்றனர். அங்கே பெண்கள் படும் அல்லலைக் கண்டு அம்மையார் மனம் புழுங்கி எழுதினார். 1895இல் ஸ்பெயின் நாட்டில் 2,800 மைல் சென்றனர். ஒவ்வொருவரும் 20 இறாத்தல் சுமையை வண்டியிற் கட்டிக்கொண்டு, நாளொன்றுக்குச் சராசரி 45 மைலும், சில நாட்களில் 80 மைல் வரையும் ஓட்டினர். நீண்ட பாவாடையும் கழுத்துவரை மூடிய சட்டையுமாகவே அம்மையார் வண்டியோட்டினார் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் இருவரும் சேர்ந்து ஒரு நூல் எழுதினர். நூலின் முகப்பில் இருவர் பெயரும் இணைந்தே நின்றன.

இலங்கையும் அன்றைய மலைநாடும்

1897ஆம் ஆண்டு நவம்பரில் அவர்களுடைய மிக நீண்ட பயணம் தொடங்கியது. அம்மையாருக்கு அப்போது வயது 38. கணவருக்கு 50. இலங்கை, இந்தியா, பர்மா, ஜாவா ஆகிய நாடுகளை அளாவி ஏறக்குறைய இரண்டரை ஆண்டு நீடித்தது அப்பயணம். வண்டியில் ஏறிய மொத்தத் தூரம் 14,000 மைலென அவர்கள் கணக்கிட்டனர். அத்தூரத்துக்கு அவர்கள் எடுத்துச் சென்ற பொருட்கள் இவை: தேயிலை, சீனி, பிஸ்கட், கேக், தகரத்திலடைத்த இறைச்சி, தண்ணீர், தலையணை, ஆளுக்கொரு கம்பளி, எழுதுபொருட்கள், சிறிது மருந்து, வண்டி பழுதுபார்க்கும் கருவிகள். அவ்வளவே. அப்பட்டியலில் தேயிலை முதலில் நிற்பதைக் காணும்போது மலைநாட்டார் நெஞ்சில் ஓர் உறவு தோன்றத்தான் செய்கிறது.

அவர்கள் வந்திறங்கிய காலத்து இலங்கையின் மலைநாடு புத்துருவம் பெற்றுக்கொண்டிருந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்துவிட்டது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1867இல், லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெயிலர் 19 ஏக்கரில் நட்டுவைத்த தேயிலை இப்போது சரிவெங்கும் பரவியிருந்தது. புகைவண்டிப் பாதை 1884இல் ஹட்டனையும், 1885இல் நானுஓயாவையும், 1894இல் பண்டாரவளையையும் எட்டியிருந்தது. கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்குச் செல்லும் வீதி ஏறக்குறைய 50 மைலில் 4,500 அடி உயர்கிறது. 6,100 அடிக்கு மேல் அமைந்த நுவரெலியாவில் ஆங்கிலேயர் தம் நாட்டுக் குளிரையும் பூச்செடிகளையும் கண்டு களித்தனர். வீதிகளில் இடையிடையே வாடிவீடுகள் இருந்தன. துவிச்சக்கர வண்டியில் வருவோர்க்கு இலங்கை வீதிகள் ஆசியாவிலேயே சிறந்தவற்றுள் வைத்து எண்ணத்தக்கவையாயிருந்தன.

அவ்வீதிகளைச் சமைத்தவர் யார்? முன்னர் இராசகாரிய முறையில் கட்டாய வேலை செய்த சிங்களக் குடியானவர்களும், பின்னர் பயனியர் படை என்ற பெயரில் தென்னிந்தியாவிலிருந்து திரட்டப்பட்ட தமிழ்த் தொழிலாளரும் கல்லுடைத்து, மண்வெட்டி, பாலம் அமைத்து ஆக்கிய பாதைகள் அவை. அவ்வேலையில் காய்ச்சலுக்கும் பேதிக்கும் இரையானோர் பலர்.

வேர்க்மன் தம்பதியர் இலங்கைக்கு வந்த அக்காலத்திலும் இன்னொரு நெடும்பயணம் நடந்துகொண்டிருந்தது. தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை, சேலம் ஆகிய பகுதிகளிலிருந்து புறப்பட்ட குடும்பங்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து மாத்தளை நோக்கிக் கால்நடையாகவே நடந்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை அவ்வழி பயன்பட்டது. அவர்களும் பானையும் பாயும் தலையிற் சுமந்து, மரத்தடியில் உலையேற்றி, திறந்த வெளியில் இரவு கழித்தவர்களே. வழியில் இறந்த பிள்ளைகளை வழியிலேயே புதைத்துவிட்டு மேலே நடந்த தாய்மார் அவர்களுள் உண்டு. மகனை இழந்த துயருடன் சக்கரத்தில் வந்த ஒரு தாய், அதே தீவின் வீதிகளில் அதே துயருடன் கால்நடையாய் வந்த தாய்மாரை அறியாமலே சென்றார். ஒருவருக்கு வழி விருப்பத்தின் பயன். மற்றவருக்கு வழி பசியின் பயன்.

தென்கோடியிலிருந்து வடகோடிக்கு

இலங்கைப் பயணத்தின்பின் இந்தியாவின் தென்முனையிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்டனர். இங்கே துன்பங்கள் மிகுந்தன. முட்களால் ஒரே நாளில் 40 தடவை வரையும் ரியூப் துளைபட்ட நாட்கள் உண்டு. ஒவ்வொரு துளையையும் வெயிலில் அமர்ந்து தம் கையாலேயே ஒட்டினர். குடிநீரும் உணவும் கிட்டாத இரவுகள், நுளம்பு மொய்த்த இரவுகள், எலிகள் ஓடித்திரிந்த விடுதிகள் என அல்லல் பல. மாற்று ரியூப்களும் உணவும் பெறுவதற்காக இயன்றவரை புகைவண்டிப் பாதையை ஒட்டியே சென்றனர். பயணிகள் பங்களா கிடைத்தால் அங்கும், கிடையாவிடின் புகைவண்டி நிலையத்தின் தங்குமறையிலும் படுத்தனர்.

இத்தனை அல்லலுக்கும் அவர்கள் நாடிய பயன் யாது? கோயில்கள். தென்னாட்டுக் கோபுரங்களிலிருந்து வடநாட்டுப் பழஞ்சின்னங்கள் வரை ஒவ்வொன்றாய்க் கண்டு, அளந்து, படமெடுத்துக்கொண்டு சென்றனர். புறப்படுமுன் இராமாயணம், மகாபாரதம், சாதகக் கதைகள் ஆகியவற்றை மொழிபெயர்ப்பிற் கற்றிருந்தனர். அக்கால மேனாட்டுப் பயணிகளுள் இத்தகைய ஆயத்தத்துடன் வந்தோர் அருகியே காணப்படுவர். 1904இல் வெளிவந்த அவர்களுடைய இந்தியப் பயண நூல் கட்டடக் கலையைப் பற்றியே மிகுதியும் பேசுகிறது. கல்லிற் செதுக்கிய பழம் இந்தியாவைக் கண்ட அளவு, கண்முன் நடமாடிய இந்தியாவை அவர்கள் காணவில்லை என்ற குறை அந்நூலுக்கு உண்டு.

1898ஆம் ஆண்டுக் கோடை வெப்பந் தாங்காது இருவரும் வண்டிகளை விட்டுக் காஷ்மீரத்துக்குச் சென்றனர். இமயத்தைக் கண்ட அம்மையாரின் உள்ளம் அங்கேயே தங்கிவிட்டது. குளிர் தணிந்தபின் மீண்டும் சக்கரத்தில் ஏறி இந்தியப் பயணத்தைத் தொடர்ந்தாராயினும், அதன்பின் 14 ஆண்டுக் காலத்தில் எட்டு முறை இமயத்துக்கும் காரகோரத்துக்கும் வந்தார்.

பனிமுடிகள்

1899இல் பியாஃபோ பனியாற்றுப் பகுதியில் அதுவரை எவரும் ஏறாத சிகரங்களில் அவர்கள் ஏறினர். அவற்றுள் 18,600 அடி உயரமானதாக அவர்கள் மதிப்பிட்ட ஒரு சிகரத்துக்கு ஸீக்ஃபிரீட்ஹோர்ன் என்று பெயரிட்டனர். டிரெஸ்டனில் இறந்த சிறு மகனின் பெயர் அது. ஆறாண்டு முன் நேர்ந்த இழப்பை அவர்கள் மறக்கவில்லை என்பதற்கு அச்சிகரமே சாட்சி. நம்மவர் இறந்தோர் நினைவாக நடுகல் நட்டனர். இத்தாய் ஒரு மலையையே நடுகல்லாக்கினார்.

1906இல் நுன்குன் மலைத்தொகுதியிலுள்ள பினக்கிள் சிகரத்தில் அம்மையார் ஏறினார். இன்றைய அளவையின்படி அதன் உயரம் 22,735 அடி. அவருக்கு அப்போது வயது 47. ஒட்சிசன் கருவியோ இலேசான உடையோ இல்லாத காலம். 1934 வரை வேறெந்தப் பெண்ணும் அவ்வுயரத்தை மீறவில்லை. இரண்டாண்டின் பின் அன்னி பெக் என்ற அமெரிக்கப் பெண்மணி பெரு நாட்டின் உவாஸ்கரான் சிகரத்தில் ஏறி, அது 24,000 அடி இருக்கலாம் என்று கூறியபோது, வேர்க்மன் அம்மையார் சும்மா இருக்கவில்லை. 13,000 டொலர் செலவிட்டுப் பிரெஞ்சு அளவையாளரை அனுப்பி அச்சிகரத்தை அளக்கச் செய்தார். அது 21,812 அடியே என்று கண்டு உலகுக்கு அறிவித்தார். தம் வெற்றியைக் காக்க இன்னொரு பெண்ணின் வெற்றியைச் சுருக்கிக் காட்டியதில் உண்மைப் பற்றும் இருந்தது. பொறாமையும் இருந்தது. அன்னி பெக் செல்வமில்லாத ஆசிரியை என்பதையும் அறிந்தபின், இந்நிகழ்ச்சியை வாசிப்போர் உள்ளம் எப்பக்கஞ் சாயும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

1911, 1912ஆம் ஆண்டுகளில் ஏறக்குறைய 45 மைல் நீளமுள்ள சியாச்சென் பனியாற்றை அவர்கள் ஆராய்ந்தனர். முதலிற் செய்த பயணங்களில் அவர்கள் வரைந்த படங்களுட் சில பிழையுடையவை எனப் பிற்காலத்தார் கண்டனர். சியாச்சென் படமோ, கிராண்ட் பீற்றர்கின் என்ற அதிகாரியும் சர்ஜன் சிங் என்ற இந்திய அளவையாளரும் முறைப்படி அளந்ததாதலின் பெருமதிப்புப் பெற்றது. அப்பயணத்தில் சீசரே செனோஸ் என்ற இத்தாலிய வழிகாட்டி பனிப்பிளவில் வீழ்ந்து மாண்டார். அம்மையார் மயிரிழையில் உயிர் தப்பினார்.

அப்பனியாற்றின் தலைப்பில், 21,000 அடி உயரத்தில், எடுக்கப்பட்ட ஒரு நிழற்படம் உண்டு. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று கோரும் செய்தித்தாளை இரு கையிலும் விரித்துப் பிடித்தபடி அம்மையார் நிற்கிறார். அமெரிக்கப் பெண்கள் அனைவர்க்கும் அவ்வுரிமை 1920இற் கிட்டியது. இலங்கையில் 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது தோட்டப் பெண்கள் பலரும் அதனைப் பெற்றனர். 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் அவர்களுட் பெரும்பாலோர் அதனை இழந்தனர். திரும்பப் பெறப் பல பத்தாண்டுகள் சென்றன. அந்த நிழற்படத்தைக் காணும் மலைநாட்டுப் பெண்ணொருத்திக்கு அதன் பொருளை எவரும் விளக்கவேண்டியதில்லை.

பகிர்ந்த வாழ்வும் பகிராத பரிவும்

இத்தம்பதியரின் இல்லறத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. ஓராண்டுப் பயணத்துக்கு ஆட்களைத் திரட்டுதல், உணவு, பாதை, முகாம் ஆகிய பொறுப்பெல்லாம் மனைவியுடையது. அவ்வாண்டில் அளவையும் ஆய்வும் கணவருடையவை. மறு பயணத்தில் பொறுப்பு மாறும். யார் தலைவர், யார் துணைவர் என்ற வழக்கு அங்கு எழவில்லை. கணவன் கற்றுக்கொடுத்த மலையேற்றத்தில் மனைவி அவரை விஞ்சினார். கணவர் அதற்காகச் சிறிதும் வருந்தவில்லை. மாறாக, மனைவியின் புகழைத் தம் புகழாகக் கொண்டாடினார். 1905இல் இலண்டன் வேத்தியல் புவியியற் கழகத்தில் அம்மையார் உரை நிகழ்த்தினார். இசபெல்லா பேர்டுக்குப் பின் அவ்வரங்கில் ஏறிய இரண்டாவது பெண் அவர். பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் உரையாற்றிய முதல் அமெரிக்கப் பெண்ணும் அவரே. ஒரு விருப்பத்தை இருவர் சமமாகப் பகிர்ந்துகொண்டால் இல்லறம் எத்துணை நெடுந்தூரம் செல்லும் என்பதற்கு இவர்கள் நல்ல சான்று.

ஆனால், சமத்துவம் என்பது அக்கூடாரத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. வெளியே குளிரில் கிடந்த சுமையாட்களை அது தொடவில்லை. நூற்றுக்கணக்கில் அமர்த்தப்பட்ட அம்மலைவாசிகள், தகுந்த உடையும் காலணியுமின்றிப் பனியில் ஏற மறுத்தபோது, அவர்களைச் சோம்பேறிகள் என்றும் வஞ்சகர் என்றும் இருவரும் எழுதினர். கூட்டங் கூட்டமாய் ஆட்கள் விலகிச்சென்ற பயணங்களும் உண்டு. ஆட்களோடு பழகும் முறையறியாமையே இதற்குக் காரணம் என்று அக்கால ஆங்கிலேய மலையேறிகள் சிலரே குறை கூறியிருக்கின்றனர். அந்நூல்களில் சுமையாட்களைக் குறிக்கும் சொல் கூலி என்பது. நம் முன்னோரைத் தோட்டத்துக் கணக்கேடுகள் குறித்த அதே சொல். ஆணுக்குப் பெண் தாழ்ந்தவளல்லள் என்று உலகின் உச்சியில் நின்று முழங்கியவர், தம் கம்பளியைச் சுமந்து வந்தவனும் தமக்குத் தாழ்ந்தவனல்லன் என்பதைக் காணாமற் போனார். அவருடைய பெருமையை உரைக்கும் எவரும் இதனை மறைத்தல் நேர்மையாகாது.

இறுதி நாட்கள்

முதல் உலகப்போர் அவர்களுடைய பயணங்களுக்கு முடிவு கட்டியது. 1917இல் சியாச்சென் பயணம் பற்றிய நூல் வெளிவந்த ஆண்டிலேயே அம்மையார் நோயுற்றார். நெடுநாள் வருந்தி, 1925ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள் பிரான்ஸ் நாட்டின் கான் நகரில், 66ஆம் வயதிற் காலமானார். தம் சொத்தில் 1,25,000 டொலரை ராட்கிளிஃப், வெல்லெஸ்லி, ஸ்மித், பிரின்மோர் ஆகிய நான்கு மகளிர் கல்லூரிகளுக்கு எழுதிவைத்திருந்தார். தாம் பெறாத பல்கலைக்கழகக் கல்வியைப் பிற பெண்கள் பெறவேண்டும் என்ற எண்ணம் அதில் விளங்குகிறது. கணவர் 12 ஆண்டுகள் தனித்து வாழ்ந்து, 1937இல் 90ஆம் வயதில் மறைந்தார். இருவர் நினைவும் பிறந்த ஊரான வூஸ்ரரில் ஒரே கல்லின்கீழ் இணைந்திருக்கின்றன.

மகள் ரேச்சல் என்ன ஆனாள் என்று வாசகர் கேட்கக்கூடும். தாய் விட்டுச் சென்ற இடத்திலேயே அவள் தன்வழி கண்டாள். மலைகளின் கல்லையே கல்வியாக்கிப் புவிச்சரிதவியல் பயின்று, கான்பூரில் பெருந்தொழில் நடத்திய சேர் அலெக்சாண்டர் மக்ரொபெர்ட்டை 1911இல் மணந்தாள். தாய்க்கு ஒரு மகன் இறந்தான். இவளுக்கோ மூன்று மைந்தரும் இறந்தனர். ஒருவன் 1938இல் விமான விபத்தில். மற்ற இருவரும் 1941இல் போரில். அவள் 25,000 பவுண் கொடுத்து ஒரு போர் விமானம் வாங்கி அரசுக்கு அளித்தாள். துயரம் வந்தபோது திரையிட்ட அறையில் ஒடுங்காத இயல்பு, தூரத்தே வளர்ந்த அம்மகளுக்கும் தாயிடமிருந்து வந்து சேர்ந்திருந்தது.

இனி, இறம்பொடை வளைவுக்குத் திரும்புவோம். மேட்டில் ஏறிவரும் அந்த இருவர் என்ன துயரைக் கடந்து வருகின்றனரோ, என்ன நலிவிலிருந்து தேறி வருகின்றனரோ, நாம் அறியோம். மனிதர் சிலர் அமர்ந்திருந்து ஆறுதல் பெறுகின்றனர். சிலர் நடந்தும் உருட்டியுமே ஆறுதல் பெறுகின்றனர். அவர்களை வியந்து பார்க்கும் நம் பெண்களின் முதுகிலும் ஒரு சுமை உண்டு. அதற்கும் ஒரு நெடும்பயணத்தின் வரலாறு உண்டு. வண்டியில் வருபவர் சற்று இறங்கி நின்று, பார்க்கும் கண்களைத் தாமும் பார்த்து, அவ்வரலாற்றைக் கேட்டுச் செல்வாராயின், வேர்க்மன் அம்மையார் 14,000 மைல் ஓட்டியும் எட்டாத ஓர் உயரத்தை அவர் அவ்வளைவிலேயே எட்டியவராவார்.